முகம் பேசுகிறது, உடம்பு பேசவில்லை: அபிநயம் பழகுவோருக்கு

கேள்வி: எனக்கு 36 வயது. 22 வயதில் நின்றுபோன பரதநாட்டியத்தை இப்போது மறுபடி கற்கிறேன். அடவுகள் (அடிப்படை ஆட்ட அசைவுகள்) ஓரளவு திரும்பிவிட்டன. பதம், அதாவது பாட்டின் உணர்வை அபிநயத்தால் (முகம், கை, உடம்பால்) காட்டும் உருப்படி, ஆடும்போதுதான் சிக்கல். தினமும் ஒரு மணி நேரம் கண்ணாடி முன் நின்று முகபாவம் பழகுகிறேன். போன மாதம் கோயில் நிகழ்ச்சியில் ஆடியதை வீடியோவில் பார்த்தபோது எனக்கே சங்கடமாகிவிட்டது. பாட்டு தெரியாத என் நாத்தனார், "யாரைத் திட்டுறீங்க அண்ணி?" என்று கேட்டார். நான் ஆடியதோ காத்திருக்கும் நாயகி! "முகம் பேசுது, உடம்பு பேசலை" என்கிறார் டீச்சர். அதற்கு என்ன பயிற்சி என்று தெரியவில்லை. அரைமண்டியில் (முழங்கால்களை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்காரும் நிலை) உட்கார்ந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. அபிநயம் பிறவியிலேயே வரவேண்டியதா? தனியாக அபிநயப் பட்டறை எதிலாவது சேரலாமா? – வாசகி, கோவை

பதில்: முதலில் உங்கள் நாத்தனாருக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். சபாவின் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் இவ்வளவு பயனுள்ள விமரிசனம் தரமாட்டார்கள். அவர் கேட்டதில் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. எதிரே ஓர் ஆள் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அது யார், எங்கே நிற்கிறார் என்பது தெரியவில்லை. அடுத்து, நீங்கள் காத்திருப்பது அவர் கண்ணுக்குக் கோபமாகப் பட்டிருக்கிறது. இந்த இரண்டையும் முகத்தில் சரிசெய்ய முடியாது. நீங்களோ தினமும் ஒரு மணி நேரம் முகத்தோடு மட்டும்தான் மல்லுக்கட்டுகிறீர்கள்.

கண்ணாடியிலிருந்து தொடங்குவோம். கைகள் தோள் மட்டத்தில் நிற்கின்றனவா, நாட்டடவில் கால் சரியான கோணத்தில் நீள்கிறதா என்று பார்க்கக் கண்ணாடி நல்லது. அபிநயத்துக்கு அது கெடுதல். கண்ணாடி முன் நிற்கும்போது உங்கள் பார்வை உங்கள் கண்ணையே பிடித்துக்கொள்கிறது: நான்கைந்து அடி தள்ளி, உங்கள் கண் மட்டத்தில், நேர் எதிரே. மாதக்கணக்கில் அப்படிப் பழகினால் மேடையிலும் பார்வை அங்கேயே போய் நிற்கும். நாயகன் தெருக்கோடியில் வரவேண்டும். உங்கள் கண்ணோ நாலடி தள்ளி வெறும் காற்றில் நிற்கிறது. நாத்தனார் பார்த்தது அதைத்தான். இன்னொரு கெடுதலும் உண்டு. நான்கடியில் தெரிகிற புருவ அசைவு முப்பது அடிக்கு அப்பால் தெரியாது. மேடையில் அது எடுபடவில்லை என்று உள்ளுக்குள் உணர்ந்து நீங்கள் இன்னும் அழுத்துகிறீர்கள். முகம் கோணுவது ஆரம்பிக்கும் இடம் அதுதான். ஆகவே அபிநய நேரத்தில் ஆறு வாரத்துக்குக் கண்ணாடிக்கு ஒரு பழைய புடவையைப் போட்டு மூடிவிடுங்கள்.

தூரத்தில் இருப்பவருக்கு உங்கள் உடம்பில் முதலில் தெரிவது, நீங்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறீர்கள், எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதுதான். பிறகு தலையும் பார்வையும் போகும் திசை தெரியும். அதற்கப்புறம் அசைவின் வேகமும், எங்கே நிற்கிறீர்கள் என்பதும். கை அதற்கும் பின்னால். கன்னம், உதடு, புருவம் எல்லாம் கடைசி. பயிற்சியையும் இதே வரிசையில் கீழிருந்து கட்டினால் முகத்துக்கு மிஞ்சும் வேலை மிகக் குறைவு என்பது தெரியும்.

எடையில் தொடங்குங்கள். பதத்தில் பெரும்பகுதி நீங்கள் அரைமண்டியில் இல்லை, சாதாரணமாகத்தான் நிற்கிறீர்கள். அந்த 'சாதாரண' நிலையைத்தான் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. இதைச் செய்து பாருங்கள். வலது கையில் பதாகம் (விரல்களைச் சேர்த்து நீட்டிய முத்திரை) பிடித்து, 'வா' என்று அழைக்கும் கையை எடுங்கள். முகத்தில் எதுவும் செய்ய வேண்டாம். முதல் முறை எடையை முன்பாதத்துக்குக் கொண்டுபோய், குதிகால் தரையை விட்டு எழும்பலாமா என்று நினைக்கும் அளவுக்கு முன்னே சாய்ந்து அழையுங்கள். இரண்டாம் முறை இரு குதிகால்களிலும் எடையை ஊன்றி, நெஞ்சை ஒரு விரற்கடை பின்னால் இழுத்து அதே கையால் அழையுங்கள். மூன்றாம் முறை எடையை ஒரே இடுப்பில் இறக்கி, மற்ற முழங்காலைத் தளர்த்தி அழையுங்கள். முதலாவது கெஞ்சல். இரண்டாவது கட்டளை, அல்லது நம்பாமல் கூப்பிடுவது. மூன்றாவது, கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனவள். கை மாறவில்லை, முகமும் மாறவில்லை. நீங்கள் கேட்ட 'உடம்பு பேசுவது' இதுதான். காத்திருக்கும் நாயகிக்குப் பெரும்பாலும் மூன்றாவது எடை, எப்போதாவது ஒரு சத்தம் கேட்டதும் முதல் எடை. இந்த இரண்டுக்கும் நடுவே போய்வருவதை மட்டும் ஒரு வாரம் பழகுங்கள்.

அடுத்து பார்வைக்கு இடம் கொடுப்பது. ஹாலில் மூன்று இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்: வாசல், தோழி, உங்களுக்கே உரிய ஓர் இடம் (ஊஞ்சல், விளக்கு, திண்ணை, எதுவானாலும்). வாசல் வலது முன்மூலை, தோழி இடதுபக்கம் என்றால் பாட்டு முடியும்வரை அவை அங்கேயே இருக்கவேண்டும். நடுவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தோழியை வலதுபக்கம் தேடுகிற தவறு மேடை அனுபவம் உள்ளவர்களுக்கும் வருகிறது. திசையோடு உயரத்தையும் தூரத்தையும் முடிவுசெய்யுங்கள். தோழி உட்கார்ந்திருக்கிறாளா, நிற்கிறாளா? குழந்தைக் கண்ணன் என்றால் உயரம் உங்கள் தொடையளவு, தூரம் இரண்டு மூன்று அடி. பாட்டின் முதலடியில் தொடையளவு இருந்த குழந்தை மூன்றாவது அடியில் மார்பளவு வளர்ந்துவிடக் கூடாது. நாயகன் என்றால் உங்கள் கண் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே.

பாத்திரம் மாறும்போது இந்தக் கணக்கு தலைகீழாகும். நாயகியாக இடதுபக்கம் கீழே, உட்கார்ந்திருக்கும் தோழியைப் பார்த்துப் பேசினீர்கள் என்றால், தோழியாகப் பதில் சொல்லும்போது வலதுபக்கம் மேலே பார்க்கவேண்டும். வலதுபக்கம் திரும்புவதைப் பெரும்பாலோர் செய்துவிடுகிறார்கள். மேலே பார்ப்பதை மறந்துவிடுகிறார்கள். அதனால் இருவரும் ஒரே உயரமாகி, ஒருத்தியே இரண்டு பக்கமும் பேசுவது போலாகிறது. மாறுகிற அந்தத் தருணத்தில் குதித்துத் திரும்பாதீர்கள். ஒரு முழு அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) எடுத்து எடையை மற்ற காலுக்கு மாற்றுங்கள், மூச்சை விடுங்கள், பிறகு தலை திரும்பட்டும்.

இப்போது கண்ணும் கையும். கை போகுமிடம் கண், கண் போகுமிடம் மனம், மனம் போகுமிடம் பாவம், பாவம் இருக்குமிடம் ரசம் என்று அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூலில் வரும் சுலோகத்தை நீங்களும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். நிருத்தத்தில் (பொருள் சொல்லாத, தாளத்துக்கான ஆட்டத்தில்) அதை அப்படியே செய்யலாம். கை நீளும் வழியெல்லாம் கண் தொடரும். அபிநயத்திலும் அதே வேகத்தில் கையைத் துரத்தினால் கெட்டது. மூன்று நிலைமைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருக்கும் ஒன்றை, நிலவை என்று வைத்துக்கொள்வோம், காட்டும்போது கண் அரை அட்சரம் முன்னால் போகவேண்டும். நீங்கள் பார்த்துவிட்டீர்கள், அதனால்தான் கை எழுகிறது. கையும் கண்ணும் ஒன்றாகப் போனால் அது பாடம் ஒப்பிப்பது. கையிலேயே இருக்கும் பொருள், பூ அல்லது ஓலை என்றால், அதைப் பார்த்துவிட்டு உடனே அதைத் தந்தவர் இருந்த திசைக்குக் கண் போகட்டும். பொருளையே பார்த்துக்கொண்டிருந்தால் அது வெறும் பொருளாகிவிடும். மூன்றாவதுதான் அதிகம் தப்பாகிறது. 'ஏன் வரவில்லை?', 'போ', 'சொல்' என்று ஒருவரிடம் கை பேசும்போது கண் அவரை விட்டு அகலவே கூடாது. அங்கே கையைப் பார்த்தால், உங்கள் கையிடமே கேள்வி கேட்பதுபோல் இருக்கும். உங்கள் வீடியோவில் 'ஏன்' வருகிற இடங்களை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

அதே நூலில் வரும் எட்டுப் பார்வைகளையும் இந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள். சமம், ஆலோகிதம், சாசி, பிரலோகிதம், உல்லோகிதம், அவலோகிதம் என்று அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை கண் எங்கே, எப்படிப் போகிறது என்றுதான் சொல்கின்றன. 'சோகப் பார்வை' என்று ஒன்று அந்த எட்டில் இல்லை.

கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலேயே அழகுக்கு எடுக்கும் எழிற்கை, செயலைக் காட்டும் தொழிற்கை என்ற பிரிவு இருக்கிறது. நீங்கள் தொழிற்கையை எழிற்கைபோல் ஆடிக்கொண்டிருக்கக்கூடும்: விரல் நுனிவரை விறைப்பு, முழங்கை எப்போதும் தோள் உயரம், ஒரு முத்திரை முடிந்த கணமே அடுத்தது. அர்த்தமுள்ள கைக்கு எடுப்பு, நிறுத்தம், விடுப்பு மூன்றும் வேண்டும். 28 ஒற்றைக் கைகளையும் பிழையின்றிப் பிடிக்கத் தெரிந்தவர்கள்கூட விடுப்பில் கோட்டைவிடுகிறார்கள். கை கீழே இறங்கும் நேரம்தான் பார்ப்பவர் மனதில் அர்த்தம் இறங்கும் நேரம். அதை நீங்கள் கொடுக்காவிட்டால் அடுத்த முத்திரை முந்தையதை அழித்துவிடும்.

இதற்கு மருந்து, கைகளைக் குறைப்பது. 'நேற்று வருவேன் என்று சொன்னவன் இன்றும் வரவில்லை' என்று ஓர் அடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் முறை பதார்த்தமாக ஒவ்வொரு சொல்லுக்கும் கை பிடியுங்கள், தவறில்லை. ரசிகருக்குச் சாகித்யம் (பாட்டின் சொற்கள்) பதிய அது வேண்டும். இரண்டாம் முறை 'சொன்னவன்', 'வரவில்லை' என்ற இரண்டுக்கு மட்டும் கை. நேற்று, இன்று எல்லாம் பார்வைக்கும் எடைக்கும். மூன்றாம் முறை ஒரே ஒரு கை. நான்காம் முறை கையே இல்லாமல் வாசலைப் பார்த்துத் திரும்புங்கள். அதுவரை நீங்கள் இடத்தைச் சரியாகக் கட்டியிருந்தால் அந்த நான்காவது முறை மற்ற மூன்றையும்விட ஓங்கி நிற்கும். டீச்சர் அமைத்த உருப்படியை நீங்களாக மாற்ற வேண்டாம். வீட்டில் பயிற்சியாக மட்டும் செய்யுங்கள், பிறகு அவரிடம் காட்டிக் கேளுங்கள்.

சரி, காத்திருப்பு ஏன் கோபமாகத் தெரிந்தது? எனக்குத் தோன்றும் காரணம், மூச்சும் தாடையும். ஓர் அடி முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடினால் தோள் ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், பல் இறுகும், புருவம் தானாகச் சுருங்கும். முழங்கால் வலியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வலியைத் தாங்குகிற முகத்துக்கும் கோபமான முகத்துக்கும் பார்ப்பவர் வித்தியாசம் காணமாட்டார். ஆடும்போது பாட்டை நீங்களே முணுமுணுத்துப் பழகுங்கள். பரதக் கலைஞர் பாலசரஸ்வதி பதங்களைத் தானே பாடிக்கொண்டு ஆடியவர். அவரளவுக்குக் குரல் வேண்டியதில்லை. முணுமுணுத்தால் மூச்சைப் பிடிக்க முடியாது, தாடையும் இறுகாது. வாயை மூடியிருக்கும் நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல், நாக்கு மேலண்ணத்தில் லேசாகப் பட்டு இருக்கட்டும். நிருத்தத்தில் ஒட்டவைத்த புன்னகை சாகித்யத்துக்கும் தொடர்ந்து வருகிறதா என்பதையும் கவனியுங்கள். அது இன்னொரு பொதுவான நோய்.

கோபம் தெரிந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 'சோகமாக இரு' என்று உங்களுக்கு நீங்களே கட்டளை போட்டுக்கொள்வது. அப்படிப் போட்டால் முகம் பொதுவான ஓர் அழுமூஞ்சியைத் தரும், அவ்வளவுதான். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இங்கே பெரிய உதவி. அது எட்டு மெய்ப்பாடுகளை (உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை)ச் சொல்லி நிறுத்தாமல், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் காரணங்கள், கொடுக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் வரும் அழுகைக்கு உடம்பு சுருங்கும், பார்வை தரைக்குப் போகும். இழவில் எடை குதிகாலுக்குப் போய், கை வெறுமையாகத் தொங்கும். முன்பு நன்றாக இருந்த நிலை கெட்டுத் தளர்வது அசைவு. அதில் பார்வை பழைய இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகும். (இந்த உடல்நிலைகள் நூலில் இல்லை, பயிற்சிக்காக நான் சொல்பவை.) உங்கள் நாயகி எதற்காக வருந்துகிறாள்? தோழிகள் சிரிப்பார்கள் என்றா, அவன் இனி வரவே மாட்டான் என்றா, போன மாதம் இப்படி இல்லையே என்றா? காரணத்தை ஒரு வாக்கியமாக நோட்டில் எழுதிவிட்டு ஆடுங்கள். காரணம் தெளிவானால் உடம்புக்கு வேலை கிடைத்துவிடும். அதன்பின் முகத்தை ஏவ வேண்டியதில்லை.

சரியாக வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாதாரண மருத்துவ முகக்கவசம் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆடுங்கள். வாயும் கன்னமும் மறைந்துவிடும். கண், தலை, உடம்பு மட்டும்தான் மிச்சம். போனை இருபத்தைந்து அடி தள்ளி நெஞ்சு உயரத்தில் வைத்து எட்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) மட்டும் படமெடுங்கள். ஜூம் வேண்டாம். ஒலியை அணைத்துவிட்டு நாத்தனாரிடம் கொடுங்கள். மூன்றே கேள்விகள்: எதிரே யார் இருக்கிறார்கள்? எங்கே இருக்கிறார்கள்? இவளுக்கு என்ன வேண்டும்? முதல் இரண்டுக்கும் சரியான பதில் வரும்வரை மூன்றாவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 'எங்கே' தவறினால் பார்வையில் பிழை. 'யார்' தவறினால் பெரும்பாலும் உயரத்திலோ எடையிலோ பிழை. மூன்றுக்கும் பதில் வந்த பிறகு கவசத்தைக் கழற்றுங்கள். உங்கள் ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடம் எடைக்கும் பார்வைக்கும், இருபது நிமிடம் ஒரே ஓர் அடிக்கு, மிச்சம் அடவுக்கு என்று போதும். முழுப் பதத்தையும் தினமும் ஓட்டாதீர்கள். பிழைகள் அப்படியே உறைந்துவிடும். முழங்கால் வலிக்கும் நாளில் உட்கார்ந்தே அபிநயம் பிடியுங்கள். அது பழைய வழக்கம்தான். கால் இல்லாதபோது முதுகும் பார்வையும் என்ன செய்கின்றன என்பது பளிச்சென்று தெரியும்.

முழங்காலைப் பற்றி. 14 வருட இடைவெளிக்குப் பிறகு பழைய அகலத்துக்குப் பாதத்தைத் திருப்ப முயல்கிறீர்களோ என்று சந்தேகிக்கிறேன். அரைமண்டியின் திறப்பு இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். இடுப்பு தருவதைவிட அதிகமாகப் பாதத்தைத் திருப்பினால் முழங்கால் உள்ளே விழுந்து முறுக்கிக்கொள்ளும். அரைமண்டியில் உட்கார்ந்து குனிந்து பாருங்கள். முழங்கால், கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் நேர்மேலே இருக்கவேண்டும். கட்டைவிரலுக்கு உள்ளே தெரிந்தால் பாதத்தை அந்த அளவுக்கு மூடுங்கள். அகலம் குறைந்தாலும் பரவாயில்லை. முதல் ஒரு மாதம் ஆழத்தையும் பாதியாகக் குறையுங்கள், முழுமண்டியை (முழுதாகக் கீழே உட்காரும் நிலையை)த் தள்ளிப்போடுங்கள். தட்டடவு (காலைத் தரையில் தட்டும் அடவு) மூன்று காலத்திலும் (வேகத்திலும்) சேர்த்து ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சிமென்ட், கிரானைட் தரையில் நேரடியாகத் தட்டாதீர்கள். கெட்டியான ரப்பர் விரிப்பும் அதன்மேல் ஒரு பிளைவுட் பலகையும் போதும், வழுக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஓசை உள்ளங்கால் முழுதும் தட்டையாக விழுவதால் வருவது, பலத்தால் அல்ல. தொடைக்கு வலு சேர்க்க, சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி நாற்காலி நிலையில் இருபது முதல் முப்பது நொடி, மூன்று முறை. அதிலேயே வலித்தால் இன்னும் மேலே உட்காருங்கள். முழங்கால் வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, மாடிப்படி இறங்கும்போது நழுவுவதுபோல் இருந்தாலோ, ராத்திரியில் வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

பிறவியிலேயே வரவேண்டியதா என்று கேட்டிருந்தீர்கள். சிலருக்குப் பார்த்ததைச் செய்துகாட்டும் திறமை சிறுவயதிலேயே இருக்கும். அவர்களும் 'தோழி எங்கே' என்ற கேள்வியில் தடுமாறுகிறார்கள். 36 வயது பதத்துக்கு நல்ல வயது. 16 வயதுப் பெண்ணுக்கு விப்ரலப்தா நாயகியை (நாயகன் வராமல் ஏமாந்தவளை) விளக்குவது எவ்வளவு பாடு என்று உங்கள் டீச்சரைக் கேளுங்கள்.

பட்டறையில் சேருவதானால், பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். மூன்று நாளில் புது உருப்படி ஒன்றைச் சொல்லித்தருகிறார்களா, அல்லது ஏற்கெனவே தெரிந்த ஓர் அடியை ஒவ்வொருவரும் தனியாகச் செய்துகாட்டித் திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறதா? புது உருப்படி என்றால் வேண்டாம். மூன்று நாளும் அடுத்த கை எது என்று ஞாபகம் வைப்பதிலேயே போய்விடும். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்கிறார்களா? சேர்க்கிறார்கள் என்றால் அந்தக் காசில் உங்கள் டீச்சரிடமே மாதம் இரண்டு தனி வகுப்புகள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது கவசம் போட்டு எடுத்த வீடியோவையும், காரணம் எழுதிய நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.